அறுவதற்காகத் தைத்த நாடா

என் கையெழுத்தைப் பார்த்துக் கவிதா சிரிக்கமாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம் உண்டு. பென்சிலால் எழுதி, அழித்து, அதன்மேலேயே மறுபடி எழுதியதில் தாள் சில இடங்களில் கிழிந்தும் போயிருக்கிறது. தப்பை எல்லாம் திருத்தி, டைப் செய்து, இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கொடுப்பதாக அவள் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் தப்புகளைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கவிதா இங்கே டெக்சாஸிலேயே ஃபிரிஸ்கோவில் இருக்கிறாள். என் வலது கைக் கட்டைவிரல் மூட்டு தேய்ந்து ஊசியைப் பிடிக்க முடியாமல் போனபோது, என் தையல் மெஷினையும் பேட்டர்ன் அட்டைகளையும் வாங்கிக்கொண்டவள். நான் தைத்து வந்த சன்பானட்களை இப்போது அவள் தன் கராஜில் தைத்து ஆன்லைனில் விற்கிறாள். போன மாதம் போன் செய்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கமாட்டீங்களே?"

"கேளும்மா."

"உங்க பேட்டர்ன்ல எல்லாமே சூப்பர். அந்த நாடா மட்டும் ஏண்ணா நாலே நாலு தையல்ல நிக்குது? பொண்ணு போட்டுக்கிட்டு ஓடுறா, நாடா கையோட வந்துடுச்சுன்னு ஒரே வாரத்துல ரெண்டு பேர் ஒன் ஸ்டார் போட்டுட்டாங்க. பேசாம பார்டேக் போட்டுரட்டுமா?"

பார்டேக் என்பது ஜீன்ஸ் பாக்கெட்டின் மூலையில் நெருக்கமாக, குறுக்கும் மறுக்குமாகப் போடும் தையல். துணி கிழிந்தாலும் அது விடாது.

"வேண்டாம்மா" என்றேன்.

"ஏண்ணா?"

"அது அப்படித்தாம்மா இருக்கோணும்."

அவள் மேலும் கேட்டிருப்பாள். எனக்குப் போனில் பேச வராது. நேரிலேயே வராது. சமையல் ஆகிறது என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. காலையில் வேக்வம் செய்த கார்ப்பெட்டை மறுபடி வேக்வம் செய்தேன். பார்க்கிங் வரைக்கும் போய்க் காரைத் திறந்து மூடிவிட்டு வந்தேன். அடுத்த நாளும் அப்படியே.

"ஏனுங்க, எதுக்கு இப்படி அங்கயும் இங்கயும் நடக்கறீங்க? பாக்கற எனக்குத் தலை சுத்துது" என்றாள் என் மனைவி செல்வி. "அந்தப் புள்ளகிட்ட வாயால சொல்ல வராட்டி எழுதியாச்சும் குடுங்க."

ஆகவே இது.

சன்பானட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பழைய காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு இந்த டெக்சாஸுக்குக் குடியேற வந்த வெள்ளைக்காரப் பெண்கள் வெயிலுக்குப் போட்டுக்கொண்ட துணித் தொப்பி அது. முகத்துக்கு முன்னால் கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு. பின்னால் தலையை மூடும் பை. பிடரியில் வெயில் படாமல் தொங்கும் பிரில். தாடைக்குக் கீழே முடிச்சுப் போட இரண்டு நாடா. இங்கே நாலாம் வகுப்பில் 'பயனியர் டே' என்று ஒரு நாள் வைத்து, பிள்ளைகளை அந்தக் கால உடையில் பழைய பண்ணைகளுக்குக் கூட்டிப்போகிறார்கள். அந்த நாளுக்கு எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பானட் வேண்டும்.

நான் தொழில் கற்றது திருப்பூரில். டெய்லருக்கு உதவியாக நூல் வெட்டும் கைமடி வேலையில் தொடங்கி, மெஷினில் உட்கார்ந்து, எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் டெய்லர் ஆனேன். அங்கே செக்கிங்கில் இருப்பவர் தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பார். ஒரு தையல் விட்டாலும் மொத்தக் கட்டும் திரும்பி வந்துவிடும். தையல் விடக்கூடாது. இதைத் தவிர வேறு எதையும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. செல்வியின் அக்கா ஸ்பான்சர் செய்து, அது பல வருடம் இழுத்து, நாற்பது வயதுக்கு மேல் இங்கே வந்தேன். ஒரு டிரை கிளீனிங் கடையின் பின்கட்டில் பேன்ட்டுக்கு நீளம் குறைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் வந்து பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

அங்கேதான் மிஸ் லோரெட்டா வந்தார். எழுபது வயதை நெருங்கிய வெள்ளைக்காரப் பெண்மணி. மாதம் ஒருமுறை ஊருக்கு வெளியே கூடும் பெரிய சந்தையில் பானட் கடை போடுகிறவர். பையைச் சுருக்கி விளிம்போடு பொருத்த அவர் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. மாதிரிக்கு ஒன்றைக் கொடுத்தார். நான் சுருக்கிக் கொடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு மூட்டைத் துணியை இறக்கிவிட்டுப் போனார். சின்னசாமி என்ற என் பெயரில் சாம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அவர் குணம் அப்படி. கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டு மென்று முடித்துவிட்டுத்தான் சொல்வார். பல நேரம் மென்று முடித்த பிறகும் சொல்லமாட்டார். எனக்கு அது வசதியாக இருந்தது. இரண்டு பேரும் பேசாமல் ஒரு நாள் முழுவதும் அந்தக் கூடாரத்துக்குள் இருப்போம்.

நான் முதல் முதலாகத் தைத்துக் கொண்டுபோன கட்டு நன்றாக நினைவிருக்கிறது. விளிம்புக்குள் விறைப்புக்காகப் பக்ரம் துணி வைத்து வரிவரியாகத் தையல் ஓட்டியிருந்தேன். நாடாவை மெஷினில் மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கியிருந்தேன். மிஸ் லோரெட்டா ஒரு பானட்டை எடுத்துக் கூடாரக் கம்பியில் இருந்த கொக்கியில் மாட்டினார். நாடாவின் நுனியில் ஒரு சர்க்கரைப் பையைக் கட்டி மெதுவாகத் தொங்கவிட்டார். நின்றது. தலையை ஆட்டினார். பிறகு பையை ஒரு சாண் உயரம் தூக்கி, சட்டென்று விட்டார். அப்போதும் நின்றது. எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

அவர் கத்திரியை எடுத்து அந்த நாடாவை வெட்டினார். அடுத்த பானட்டை மாட்டினார். பை, ஒரு சாண், வெட்டு. அதற்கடுத்ததும் அப்படியே. கொண்டுபோன அத்தனையையும் வெட்டி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. என் முகம் சூடாகிவிட்டது. பிறகு ஒற்றை நூல் கோத்து, சும்மா நாலே தையலில் ஒரு நாடாவைப் பொருத்தினார். பையை மெதுவாகத் தொங்கவிட்டார். நின்றது. தூக்கி விட்டார். நாடா அறுந்து சர்க்கரைப் பை என் ஷூமேல் விழுந்தது.

"தட்ஸ் ரைட்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் என்று கேட்டேன். ஐஸை மென்று முடித்தார். சந்தை ஓரத்தில் பிள்ளைகள் விளையாடும் சறுக்குமரத்தைக் காட்டினார். அதன் உச்சியில் கைப்பிடிக் கம்பியின் முனை குமிழாக நீட்டிக்கொண்டிருந்தது.

"கிட்ஸ் ஜம்ப், சாம்" என்றார். பிள்ளைகள் குதிக்கும். அவ்வளவுதான். எங்காவது பார்த்தாரா, கேள்விப்பட்டாரா, அவர் வீட்டிலேயே ஏதாவது நடந்ததா, எதுவும் சொல்லவில்லை. கேட்கிற துணிவு எனக்கும் இல்லை.

மெதுவாக இழுத்தால் நிற்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் விட வேண்டும். அதுதான் அளவு. வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? பெரிய தொப்பி வைத்த ஒரு ஆள் அறுந்த நாடாவோடு வந்து, என்ன லட்சணத்தில் தைத்திருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டார். மிஸ் லோரெட்டா அவர் பேசி முடிக்கிறவரை கேட்டுவிட்டு, பானட்டை வாங்கி, அதே நாலு தையலை மறுபடி போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. விளக்கமும் இல்லை.

நானும் அப்படியே தைக்கப் பழகினேன். பழகினேன் என்று எழுதுகிறேனே தவிர, என் கை கடைசிவரை சம்மதிக்கவில்லை. நாலாவது தையல் போட்டதும் ஊசி தானாக ஐந்தாவதுக்குப் போகும். இழுத்துப் பிடித்து நிறுத்துவேன். விட்டுப்போகும் என்று தெரிந்தே ஒரு பொருளை இன்னொருவர் கையில் கொடுப்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் அரிப்பாகவே இருந்தது.

அந்த நிலையில்தான் ஒரு ஜனவரி மாதம் சங்கீதா வந்தாள். சங்கத்தில் பார்த்துப் பழக்கம். நாங்கள் இருந்த அபார்ட்மென்ட்டுக்கே ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகள் பெயர் மிருதுளா. ஒன்பது வயது. நீலக் கம்பளிக் குல்லாவைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரமே நின்றாள்.

"அண்ணா, ஒரு பானட் வேணும். ஆனா நார்மல் பானட் இல்ல" என்று சொல்லி, சங்கீதா பையிலிருந்து ஒன்றை எடுத்து என் கட்டிங் டேபிள்மேல் வைத்தாள். சவுரி. அவள் கல்யாணத்துக்கு வைத்துப் பின்னியதாம். நல்ல அடர்த்தி, நீளம். "இத உள்ள வெச்சுத் தெச்சுடணும். பின்னால ஜடை தொங்கணும்."

"பாப்பாவுக்குத்தானுங்களே?"

"லீவுக்கு ஊருக்குப் போனப்ப இவளுக்கு மொட்டை போட்டோம்ணா." குரலைத் தாழ்த்தினாள். "வேண்டுதல். இவளுக்கு ஆறு மாசம் இருக்கறப்ப குலதெய்வத்துக்கு வேண்டிக்கிட்டேன், கிரீன் கார்டு வந்தா பாப்பாவுக்கு முடி எறக்குறேன்னு. அப்ப இவ தலைல முடியே கெடையாது. ரெண்டு வருஷத்துல வந்துடும்னு லாயர் சொன்னாரு. இவ்ளோ வருஷம் இழுக்கும்னு யாருக்குண்ணா தெரியும்?"

கதவோரத்திலிருந்து சத்தம் வந்தது. "ஐ வாஸ் பார்ன் ஹியர். ஐ டிடன்ட் ஈவன் நீட் ஒன்."

அந்த வீட்டில் கிரீன் கார்டு தேவைப்படாத ஒரே ஆள் அவள்தான். முடி கொடுத்தவளும் அவள்தான்.

"மிரு, எத்தன தடவடி சாரி சொல்றது? நான் போட்டுக்கறேன்னு எவ்ளோ கெஞ்சுனேன். பாட்டிதான் ஒத்துக்கல. யார் பேர்ல வேண்டுனியோ அவங்கதான் எறக்கணும்னுட்டாங்க."

"யூ ஆஸ்க்டு பாட்டி. யூ டிடன்ட் ஆஸ்க் மீ."

செல்வி சங்கீதாவைக் காபி சாப்பிட வாருங்கள் என்று உள்ளே கூட்டிப்போனாள். நான் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குல்லாவைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே கழற்றினாள். தலை புது டூத் பிரஷ் மாதிரி இருந்தது. டேப்பைச் சுற்றியபோது தோளைக் குறுக்கினாள்.

"இட் டிக்கிள்ஸ்" என்றாள். பிறகு, "அங்கிள், கேன் யூ மேக் இட் லுக் ரியல்?"

விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. ஸ்கூலில் குல்லா போட்டுக்கொள்ள டீச்சர் அனுமதி கொடுத்திருக்கிறார். ஏன் கழற்றுவதே இல்லை என்று தோழிகள் கேட்டதற்கு, முடியைச் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறேன் என்று இவள் சொல்லிவிட்டாள். அவர்களும் நம்பிவிட்டார்கள். பயனியர் டேக்கு எல்லோரும் பின்னல் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். பின்னல் இல்லாமல் போனால் பொய் சொன்னது தெரிந்துவிடும். மொட்டையும் தெரிந்துவிடும். பயனியர் டேக்கும் போகமாட்டேன், அதற்குப் பிறகு அந்த ஸ்கூலுக்கும் போகமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

வேலை லேசாக இல்லை. பானட்டின் பை நிற்பதே உள்ளே இருக்கும் முடியால்தான். இந்தத் தலையில் அது காற்றுப் போன பலூன்போலத் தொங்கியது. பழைய டீ ஷர்ட் துணியில் ஒரு உள்குல்லா தைத்து, அதன்மேல் வலைத்துணியைச் சுருக்கி வைத்துப் பையை உப்பவைத்தேன். அடுத்தது சவுரியின் கனம். உச்சியில் பொருத்தினால் முழுத் தொப்பியையும் பின்னால் இழுத்தது. விளிம்பு மேலே எழும்பி நெற்றியில் மொட்டை தெரிந்தது. பிரித்துக் கழுத்துப் பட்டியில் பொருத்தினேன். அப்படியும் லேசாக இழுத்தது. நாடா இரண்டையும் ஒரு விரல் அளவு முன்னால் தள்ளி வைத்தேன். தாடையின் கீழ் நன்றாக இறுக்கிக் கட்டினால் அசையவில்லை.

நன்றாக இறுக்கிக் கட்டினால். அந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது.

அடுத்த சந்தையில் மிஸ் லோரெட்டாவிடம் காட்டினேன். சவுரியைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். யாருடைய முடி என்று கேட்டார். சொன்னேன். எதற்காக என்று கேட்டார். என் இங்கிலீஷில் கிரீன் கார்டையும் சாமியையும் எப்படிச் சேர்த்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஐஸை மென்றார். நாடாவைத் தொட்டுக் காட்டி நாலு விரலை நீட்டினார். 

நாலு தையலே போட்டேன்.

சங்கீதா வாங்க வந்தபோது மிருதுளா போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினாள். ஜடை ஆடியது. ஊரிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்ததாகச் சங்கீதா சொன்னாள். சொல்லிக்கொண்டே நாடாவைச் சுண்டிப் பார்த்தாள்.

"இதென்னண்ணா, சும்மா கோத்து விட்ட மாதிரி இருக்கு? எவனாவது ஜடையப் பிடிச்சு இழுத்தா மொத்தமா கையில வந்துடுமே!"

"வரோணுங்க. வந்தாத்தான் கழுத்து இறுக்காதுங்க."

"கழுத்து எதுக்குண்ணா இறுக்கப்போவுது? பசங்க விளையாட்டுக்குத்தான இழுப்பாங்க? ஆனா அத்தன பேர் முன்னால இது கழண்டுச்சுன்னா இவ அவ்ளோதாண்ணா. பிளீஸ், மெஷின்ல ஒரு ஓட்டு ஓட்டிக் குடுத்துடுங்க."

மிருதுளா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "வில் இட் கம் ஆஃப்?"

"ஒன்லி இஃப் புல் ஹார்ட்" என்றேன்.

அவள் சிரிப்பு போய்விட்டது. மெஷின் என் பக்கத்திலேயே இருந்தது. ஒரு நிமிட வேலை. என் கைக்கும் அதுதான் ஆசை. வேண்டாமுங்க என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. சங்கீதா கேட்டதிலும் தப்பில்லை. இழுத்ததும் விடுகிற நாடா அந்தப் பிள்ளையின் தலையை ஊர் பார்க்கத் திறந்துவிடும். விடாத நாடாவை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது.

"சரிண்ணா" என்று எடுத்துக்கொண்டு போனாள். அந்தச் சரி சம்மதித்துச் சொன்ன சரி இல்லை. அவள் வீட்டில் ஊசியும் நூலும் இருக்கும் என்று கார் கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

பயனியர் டே வரைக்கும் நான் நானாக இல்லை. போனை எடுப்பேன், வைப்பேன். "பேசுங்க, என்ன கடிச்சா திங்கப் போறா?" என்றாள் செல்வி. என்ன சொல்வது? உங்கள் மகளுக்கு நீங்கள் தைக்காதீர்கள் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? கொஞ்சம் நூல் வாங்க வேண்டும் என்று கிளம்பி அவர்கள் தெருமுனைவரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன்.

பயனியர் டே நடக்கும் பழைய பண்ணையில் மிஸ் லோரெட்டா வருடா வருடம் கடை போடுவார். நானும் ஊசி நூலோடு போவேன். வெள்ளிக்கிழமை காலை. மஞ்சள் பஸ்கள் வந்து நின்றன. பானட் போட்ட பிள்ளைகள் கோழிக்குஞ்சுகள் மாதிரி இறங்கின. எனக்கு மற்ற எதுவும் கண்ணில் படவில்லை. ஜடையைத் தேடினேன். தோழிகள் நாலு பேருக்கு நடுவில் கை கோத்துக்கொண்டு போனாள். நிஜ ஜடையாகவே இருந்தது. ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். பிறகு நாடாவைப் பார்க்க முயன்றேன். விளிம்பின் நிழலில் எதுவும் தெரியவில்லை.

வாலன்டியராகச் சங்கீதாவும் வந்திருந்தாள். அவள் ஜாக்கெட் காலரில் ஒரு ஊசி குத்தியிருந்தது. ஊசியில் கறுப்பு நூல்.

பாதி தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். மிஸ் லோரெட்டா "சாம்?" என்றார். சொல்லாமல் கடையை விட்டு நான் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, நாடாவைத் தெச்சுட்டீங்களா?"

"ஒரு பக்கம் காலைல ஸ்கூல் வாசல்ல கார்லயே தெச்சேண்ணா. நல்லா ஓட்டி முடிச்சுப் போட்டுட்டேன். கோச்சுக்காதீங்க. இன்னொரு பக்கம் ஆரம்பிக்கறதுக்குள்ள பஸ் வந்துடுச்சு. இப்பப் போட்டுரலாம்னு கூப்பிடறேன், எங்க வரா அவ? மிரு! ஒரு நிமிஷம் வந்துட்டுப் போடி!"

"லேட்டர், அம்மா!"

வைக்கோல் வண்டியின் மேலிருந்து கத்தினாள். டிராக்டர் இழுக்கும் வண்டி. ஒரு சுற்றுப் போய் வந்து நின்றிருந்தது. இறங்குவதற்கு மரப்படி வைத்திருந்தார்கள். யாரும் படியில் இறங்கவில்லை. பின்பலகையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். பலகையின் ஓரத்தில் சங்கிலி மாட்டும் இரும்புக் கொக்கி, வாய் மேல்நோக்கி நின்றது. மிருதுளா பலகைமேல் நின்று, தோழி வருகிறாளா என்று வெடுக்கென்று திரும்பினாள். ஜடை சுழன்று அந்தக் கொக்கியில் விழுந்தது. நான் பார்த்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் குதித்துவிட்டாள்.

நூல் அறுகிற சத்தம் எனக்குத் தெரியும். அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் அது கேட்டது.

இரண்டு காலும் ஊன்றி மண்ணில் நின்றாள். கை தாடைக்குக் கீழே போயிருந்தது. அவளுக்குப் பின்னால் பானட் கொக்கியில் மாட்டிக்கொண்டு ஆடியது, ஜடையும் சேர்ந்து. எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இஸ் தட் யுவர் ஹேர்?" என்று ஒரு தோழி கொக்கியைக் காட்டினாள்.

மிருதுளா தன் தலையைத் தடவினாள். திரும்பி ஜடையைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நோ. தட்ஸ் மை மாம்ஸ்."

"தென் வேர் இஸ் யுவர்ஸ்?"

"இந்தியா" என்றாள், ஸ்வெட்டரை மறந்துவிட்டு வந்ததைப் போல. "வி கேவ் இட் டு காட்."

"வாட் டஸ் காட் டூ வித் இட்?"

"ஐ டோன்ட் நோ. ஆஸ்க் மை மாம்."

அந்தப் பெண் மெதுவாக ஒரு விரலால் அவள் தலையைத் தொட்டாள். "ஓ மை காட், இட்ஸ் லைக் எ கேட்" என்றாள். உடனே தொட்டுப் பார்க்க ஒரு வரிசையே நின்றுவிட்டது.

சங்கீதா ஓடிப்போய் மகளின் தலையைப் பார்க்கவில்லை. கழுத்தைத்தான் பார்த்தாள். ஒரு பக்கம் மட்டும் கோடுபோல் சிவந்திருந்தது. நான் கொக்கியிலிருந்து பானட்டை எடுத்து வந்து கொடுத்தேன். நாடா தைத்த இரண்டு இடத்தையும் அவள் தடவிப் பார்த்தாள். ஒரு நாடா அவளுடைய கறுப்பு நூலில், அசையாமல், அப்படியே இருந்தது. இன்னொன்று இருந்த இடத்தில் அறுந்த வெள்ளை நூல் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"கூப்பிட்டப்ப வந்திருந்தா அதையும் தெச்சிருப்பேண்ணா" என்றாள். ஊசி இன்னும் காலரிலேயே இருந்தது.

"ஒண்ணும் ஆகலீங்க. பாருங்க, சிரிச்சுட்டு நிக்குது" என்றேன். வேறென்ன சொல்வது?  நான் நினைத்துப் பயந்ததெல்லாம் யாராவது இழுப்பார்கள் என்பதைத்தான். சறுக்குமரத்தின் குமிழைக் காட்டியிருந்தும் கொக்கி என் நினைப்பில் வரவே இல்லை. அது மிஸ் லோரெட்டாவின் நினைப்பில் மட்டும் இருந்திருக்கிறது.

அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. முடிச்சு அவிழ்ந்து மண்ணில் கிடந்த அறுந்த நாடாவை எடுத்து, அதன் நுனியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து, என் கையில் வைத்தார். ஏப்ரனிலிருந்து ஒரு பழந்துணியை எடுத்து அந்தக் கொக்கியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். டிராக்டர்க்காரரிடம் ஏதோ சொன்னார். அந்த ஆள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. மிஸ் லோரெட்டா கடையை மூடிவிட்டு ஓக்லஹோமாவில் மகனோடு இருக்கிறார். ஆனால் பார்க்கில் எந்தக் குழந்தையாவது உயரத்திலிருந்து குதிப்பதைப் பார்த்தால் என் கை இன்னும் என் தாடைக்குக் கீழே போகிறது. ஒரு பக்கம் தைக்காமல் நின்றது நான் செய்த காரியம் இல்லை, பஸ் வந்ததால் நின்றது. அதை நினைத்தால் வீட்டுக்குள் நடக்கத்தான் தோன்றுகிறது. கவிதா, போனில் சொல்ல வராமல் நான் வைத்துவிட்டது இதுதான். ஒன் ஸ்டார் போட்ட இரண்டு பேருக்கும் நாடாவை மறுபடி தைத்து அனுப்பிவிடும்மா. அதே மாதிரி.

அந்தப் பயனியர் டே அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் சங்கீதாவும் மிருதுளாவும் கடைக்கு வந்தார்கள். மிருதுளா பானட்டை என் முன்னால் வைத்தாள். தலையில் வெயில் அடித்தது, அதற்காகத்தான் வேண்டுமாம். சவுரியைச் சங்கீதாவே பிரித்தெடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"கத்திரி குடுங்கண்ணா" என்றாள். வாங்கி, தான் போட்ட கறுப்புத் தையலை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். இறுக்கிப் போட்டிருந்தாள், நேரம் பிடித்தது. மகள் அவள் தோள்மேல் சாய்ந்துகொண்டு பார்த்தாள். "நீங்களே போடுங்க" என்று நாடா இரண்டையும் என் பக்கம் தள்ளினாள்.

வெள்ளை நூல் கோத்தேன். மிருதுளா எண்ணினாள்.

"ஒன். டூ. த்ரீ. ஃபோர்."

என் ஊசி வழக்கம்போல் அடுத்ததற்குப் போனது. அவள் துணிமேல் விரலை வைத்தாள்.

"ஸ்டாப், அங்கிள்."

2024 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை.